ஜெனரல் மோட்டார்ஸ் என்ற பெயரில் ஏன் ஒரு காரும் ஓடவில்லை? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். இன்றைய சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதியில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தால் அது பாதிப் பதிலாகத்தான் இருக்கும். நேயர் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "ஐயா, எங்கள் வீட்டில் 12 வருடங்களாகச் செவர்லே டவேரா ஓடுகிறது. அதன் ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பாளர் என்ற இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் என்று இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் பொறித்த ஒரு காரை நான் எங்குமே பார்த்ததில்லை. செவர்லே, ப்யூக், காடிலாக், ஓப்பல் எல்லாம் ஒரே நிறுவனமா? அப்படியானால் எதற்கு இத்தனை பெயர்கள்? பழைய படங்களில் பார்க்கும் போன்டியாக், ஓல்ட்ஸ்மொபைல் எல்லாம் எங்கே போயின?"

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிய பெயர்கள் அனைத்தும் ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அவற்றில் செவர்லே, ப்யூக், காடிலாக் ஆகிய மூன்றும், நீங்கள் குறிப்பிடாத ஜி.எம்.சி. என்ற நான்காவதும் இன்றும் அமெரிக்காவில் விற்பனையில் உள்ளன. ஓப்பல் 2017-இல் கைமாறிவிட்டது. ஓல்ட்ஸ்மொபைலும் போன்டியாக்கும் மூடப்பட்டுவிட்டன. ஆனால் நீங்கள் 'எதற்கு' என்று கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்ல வேண்டுமானால், மாருதி நிறுவனம் தன் கார்களுக்கு ஸ்விஃப்ட், பலேனோ என்று பெயர் வைப்பதைப் போல இந்தப் பெயர்கள் வைக்கப்படவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை தனித்தனி மனிதர்கள், தனித்தனி ஊர்களில், தங்கள் சொந்தப் பெயரிலோ ஊர்ப் பெயரிலோ தொடங்கி நடத்திய தனித்தனி நிறுவனங்கள். பிறகுதான் அவை ஒரு கூரையின் கீழ் கொண்டுவரப்பட்டன.

கொண்டுவந்தவர் வில்லியம் ட்யூரன்ட். மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரத்துக்காரர். அவர் இயந்திரம் படித்தவர் அல்லர்; விற்கத் தெரிந்தவர். 1886-இல் தெரிந்த ஒருவரின் இரு சக்கரக் குதிரை வண்டியில் ஏறிச் சென்றபோது, அதன் வில்பட்டை குலுக்கலை வாங்கிக்கொண்ட விதம் அவருக்குப் பிடித்துப்போனது. அந்த வண்டியைச் செய்த சிறு நிறுவனத்தைத் தேடிப் போய், கடன் வாங்கிய பணத்தில் 1,500 டாலர் கொடுத்து அதையே விலைக்கு வாங்கிவிட்டார். நாமாக இருந்தால் வண்டியை வாங்கியிருப்போம். அவர் கம்பெனியை வாங்கினார். அவருடைய குணத்தைத் தெரிந்துகொள்ள இந்த ஒரு செயல் போதும் என்று எனக்குத் தோன்றும். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அவரும் அவருடைய கூட்டாளி டோர்ட்டும் அமெரிக்காவின் மிகப் பெரிய குதிரை வண்டித் தயாரிப்பாளர்களின் வரிசையில் இருந்தார்கள். குதிரை வண்டியில் சம்பாதித்த அந்த மனிதரின் கையில்தான் 1904-இல், தள்ளாடிக்கொண்டிருந்த ப்யூக் என்ற சிறிய கார் நிறுவனம் ஒப்படைக்கப்பட்டது. அதை அவர் நான்கே ஆண்டுகளில் நாட்டின் முன்னணிக்குக் கொண்டுவந்தார். 1908 செப்டம்பர் 16 அன்று, வெறும் 2,000 டாலர் மூலதனம் என்று பதிவு செய்து, நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அது கார் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அல்ல. கார் செய்யும் நிறுவனங்களின் பங்குகளை வாங்கிக் கையில் வைத்திருப்பதற்காகத் தொடங்கப்பட்டது. உங்கள் கேள்வியின் முதல் பகுதிக்கு விடை இதுதான். பெட்டிக்கு ஒரு பெயர், பெட்டிக்குள் இருந்தவற்றுக்கு அவற்றின் சொந்தப் பெயர்கள்.

பெட்டிக்குள் முதலில் ப்யூக் போனது. டேவிட் ப்யூக் ஸ்காட்லாந்தில் பிறந்து, சிறு வயதிலேயே டெட்ராய்ட் வந்து, குழாய் வேலைத் தொழிலில் வளர்ந்தவர். வார்ப்பிரும்புக் குளியல் தொட்டிக்கு வெள்ளை எனாமல் பூசும் முறையைக் கண்டுபிடித்த பெருமை அவருக்கு உண்டு. அந்தப் பணத்தை எஞ்சின் ஆராய்ச்சியில் போட்டு, வால்வுகள் சிலிண்டருக்கு மேலே அமைந்த, அந்தக் காலத்துக்கு மிக வலிமையான எஞ்சினை அவருடைய நிறுவனம் உருவாக்கியது. ஆனால் நிறுவனம் வளரத் தொடங்கிய நேரத்தில் அவர் வெளியேறிவிட்டார். 1929-இல், லட்சக்கணக்கான கார்களின் முகப்பில் தன் பெயர் ஓடிக்கொண்டிருக்கையில், வறுமையில் இறந்தார். அடுத்து ஓல்ட்ஸ்மொபைல். ரான்சம் ஓல்ட்ஸ் 1897-இல் லான்சிங் நகரில் தொடங்கியது. அதன்பின் 1909-இல் காடிலாக்கும் ஓக்லாண்டும் வந்தன. அவற்றோடு வாங்கிய சில லாரி நிறுவனங்களிலிருந்து ஜி.எம்.சி. உருவானது. ஹென்றி ஃபோர்டின் நிறுவனத்தைக்கூட ட்யூரன்ட் விலைக்குக் கேட்டார். ஃபோர்டு பணத்தை ரொக்கமாகக் கேட்க, வங்கிகள் கொடுக்க மறுத்ததால் அந்தப் பேச்சு முறிந்தது.

காடிலாக் பற்றிச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். டெட்ராய்ட் நகரை 1701-இல் நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயர்தான் காடிலாக். நிறுவனத்தை நடத்தியவர் ஹென்றி லேலண்ட். துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை கற்றவர், அளவுத் துல்லியத்தை வழிபாடு போலக் கருதியவர். அந்தக் காலத்தில் ஒரு காரின் பாகத்தை இன்னொரு காரில் போட வேண்டுமென்றால் அரத்தை எடுத்து ராவித்தான் பொருத்த வேண்டும். ஒரே தொழிற்சாலையில் ஒரே வாரத்தில் செய்த கார்களுக்கும் இதே நிலைதான். 1908-இல் இங்கிலாந்தில், ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில், மூன்று காடிலாக் கார்களை முழுவதுமாகக் கழற்றி, பாகங்களை ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதிலிருந்து 89 பாகங்களை எடுத்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாக விற்பனையாளரிடம் இருந்த உதிரிபாகங்களைப் போட்டார்கள். பிறகு மெக்கானிக்குகள் ஸ்பேனரையும் திருப்புளியையும் மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் குவியலிலிருந்து மூன்று கார்களை மீண்டும் பூட்டினார்கள். ஒரு பாகம் ஒரு நிறம், இன்னொரு பாகம் வேறொரு நிறம் என்று பல வண்ணத்தில் நின்ற அந்தக் கார்கள் ப்ரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தில் 500 மைல் ஓடி முடித்தன. அதற்காக ட்யூவர் கோப்பை காடிலாக்குக்குக் கொடுக்கப்பட்டது. இன்று நீங்கள் கடைக்குப் போய் 'டவேராவுக்கு ஒரு ஆயில் ஃபில்டர்' என்று பெயர் மட்டும் சொல்லி வாங்கி வர முடிகிறதே, அந்த நம்பிக்கையைக் கார் உலகில் ஊன்றிய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. 1912-இல் கைப்பிடியைச் சுற்றாமல் மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டரை முதன்முதலில் வழக்கமான பொருத்தமாகக் கொண்டுவந்ததும் காடிலாக்தான். அதை உருவாக்கியவர் சார்ல்ஸ் கெட்டரிங். சுழற்றும்போது கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு முறிந்தவர்கள் அதற்கு முன் ஏராளம்.

இப்படி ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஓர் உண்மையான வேலைத்திறன் இருந்தது. பெயர்களின் மதிப்பு அங்கிருந்துதான் வந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த நிகழ்ச்சியைக் கேளுங்கள். ஓல்ட்ஸ்மொபைலை வாங்கியபோது அந்த நிறுவனத்திடம் விற்பதற்கு நல்ல புதிய கார் எதுவும் இல்லை. ட்யூரன்ட் ஒரு ப்யூக் காரின் மர உடலை, வண்ணம் பூசாத நிலையில், லான்சிங் தொழிற்சாலைக்குக் கொண்டுவரச் செய்தார். அதை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ரம்பத்தால் அறுத்து நான்கு துண்டாக்கச் சொன்னார். துண்டுகளைச் சில அங்குலம் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு, 'இந்த அளவுக்கு ஒரு கார் செய்யுங்கள், இதுதான் உங்கள் புதிய ஓல்ட்ஸ்மொபைல்' என்றார் என்று ஜெனரல் மோட்டார்ஸ் வரலாற்றை எழுதியவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் அகலமான அந்த ப்யூக், வேறு முகப்போடு 1,200 டாலருக்கு ஓல்ட்ஸ்மொபைலாக விற்பனைக்கு வந்தது; நன்றாகவும் விற்றது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின் இந்த நிறுவனத்தைத் திவாலுக்குக் கொண்டுபோன பழக்கத்தின் முதல் சுவடு, அந்த அறுபட்ட மரப் பெட்டியில் இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

வாங்கிக்கொண்டே போனால் கடன் ஏறும் அல்லவா? 1910-இல் வங்கிகள் பணம் கொடுத்து நிறுவனத்தைக் காப்பாற்றின. கூடவே ட்யூரன்டின் கையிலிருந்து அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டன. அவர் சும்மா இருக்கவில்லை. ப்யூக் அணிக்காகப் பந்தயம் ஓட்டிய லூயி செவர்லே என்ற சுவிட்சர்லாந்துக்காரரைச் சேர்த்துக்கொண்டு, 1911 நவம்பரில் செவர்லே நிறுவனத்தைத் தொடங்கினார். லூயி செவர்லே பெரிய, விலையுயர்ந்த கார்களைச் செய்ய விரும்பினார். ட்யூரன்டோ எல்லோரும் வாங்கக்கூடிய மலிவான காரைச் செய்ய நினைத்தார். இருவரும் சில ஆண்டுகளிலேயே பிரிந்தார்கள். மனிதர் போனார், பெயர் நின்றது. மலிவான செவர்லே நன்றாக விற்க, அந்தப் பங்குகளைக் கொடுத்து ஜெனரல் மோட்டார்ஸ் பங்குகளை வாங்கிக்கொள்ளும் திட்டத்தை ட்யூரன்ட் அறிவித்தார்: ஐந்து செவர்லே பங்குக்கு ஒரு ஜெனரல் மோட்டார்ஸ் பங்கு. 1916-இல் அவர் மீண்டும் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர். அதாவது, உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் பெயர், ஒரு காலத்தில் தன் தாய் நிறுவனத்தையே விலைக்கு வாங்கிய பெயர். நான்கே ஆண்டுகளில் பங்குச் சந்தைச் சரிவில் அவர் மறுபடியும் எல்லாவற்றையும் இழந்து 1920-இல் வெளியேறினார். பிற்காலத்தில் ஃப்ளின்ட் நகரில் ஒரு பௌலிங் விளையாட்டுக் கூடம் நடத்தினார்; 1947-இல் இறந்தார். ப்யூக், ட்யூரன்ட் ஆகிய இருவரின் முடிவையும் படிக்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது.

பெயர்களைச் சேர்த்தவர் ட்யூரன்ட் என்றால், அவற்றுக்கு ஒழுங்கு கொடுத்தவர் ஆல்ஃபிரட் ஸ்லோன். எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் படித்தவர். உருளைத் தாங்கிகள் செய்த ஒரு நிறுவனத்தை நடத்தி, அதை ட்யூரன்டுக்கு விற்றதன் வழியாக உள்ளே வந்தவர். 1923-இல் தலைவரானார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1921-இல், அவர் பார்த்தபோது நிலைமை இப்படி இருந்தது: ஏழு பெயர்களில் கார்கள், அவற்றில் பல ஒரே விலையில், ஒரே வாடிக்கையாளரைத் தமக்குள் அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தன. 1921-இல் ஃபோர்டு ஒருவர் மட்டும் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தை வைத்திருந்தார்; செவர்லேயின் பங்கு ஏறத்தாழ 4 சதவீதம். ஸ்லோனின் யோசனையில், 450 டாலரிலிருந்து 3,500 டாலர் வரை விலைகள் ஆறு படிகளாகப் பிரிக்கப்பட்டன. இரண்டு பெயர்கள் நீக்கப்பட்டன. மீதியுள்ள பெயர்கள் அந்தப் படிகளில் உட்கார வைக்கப்பட்டன. கீழே செவர்லே, உச்சியில் காடிலாக். வேலைக்குச் சேர்ந்த இளைஞன் செவர்லே வாங்குவான். சம்பளம் உயர்ந்ததும் அடுத்த படிக்கு வருவான். ஊரில் மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ பெயர் எடுத்தவர் ப்யூக்கில் வருவார். தொழிலதிபர் காடிலாக்கில் இறங்குவார். வாழ்க்கையில் எத்தனை படி ஏறினாலும் வாடிக்கையாளர் வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

பல பெயர்களை வைத்திருந்ததற்கான முழுக் காரணமும் இந்தப் படிக்கட்டில் அடங்கியிருக்கிறது. ஒரே பெயரில் 500 டாலர் காரையும் 3,000 டாலர் காரையும் விற்றால், மேலே உள்ளவரின் பெருமை குறையும். கீழே உள்ளவருக்கு ஏற வேண்டும் என்ற ஆசை எழாது. ஃபோர்டு இதற்கு நேர் எதிராக நின்றார்: ஒரே கார், டி மாடல், 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறம் மட்டும். அந்தக் கார் ஒன்றரைக் கோடி விற்றது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் ஏற்கனவே ஒரு கார் வைத்திருப்பவருக்கு அடுத்து எதை விற்பது என்ற கேள்விக்கு ஃபோர்டிடம் விடை இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1919-லேயே தவணைக் கடன் கொடுக்கத் தனி நிறுவனம் வைத்திருந்தது. 1920-களின் நடுவில் விரைவில் உலரும் புதிய வகை வண்ணப்பூச்சு வந்தது. 1927-இல் ஹார்லி ஏர்ல் என்பவரைக் கொண்டுவந்து, காரின் தோற்றத்தை மட்டும் கவனிக்க ஒரு தனிப் பிரிவையே தொடங்கினார்கள். அதே 1927-இல் டி மாடலின் தயாரிப்பை ஃபோர்டு நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு விற்பனையில் செவர்லே முந்தியது.

படிகளுக்கு நடுவில் இடைவெளி தெரிந்த இடங்களில் துணைப் பெயர்களும் வந்தன. லாசால், வைகிங், மார்க்கெட் (Marquette) எல்லாம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டன. ஒன்று மட்டும் பெற்றோரை விழுங்கி வளர்ந்தது. ஓக்லாண்டுக்குத் துணையாக 1926-இல் வந்த போன்டியாக், தாய்ப் பெயரைவிட அதிகமாக விற்க, ஓக்லாண்ட் 1931-இல் நின்றுபோனது. போன்டியாக் என்பது ஒடாவா பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயர்; அந்த நிறுவனம் இருந்த ஊருக்கும் அதே பெயர். வெளிநாடுகளில் இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் 1925-இலும், ஜெர்மனியின் ஓப்பல் 1929-இலும், ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் 1931-இலும் இதே குடும்பத்துக்குள் வந்தன.

இந்த வரலாற்றைத் தலைவர்களின் வரலாறாக மட்டும் சொல்லிப் போவது நியாயம் ஆகாது. 1936 டிசம்பர் 30 அன்று ஃப்ளின்ட் நகரத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு உடல் செய்த ஃபிஷர் பாடி தொழிற்சாலைகளில், வேலையை நிறுத்திய தொழிலாளர்கள் வெளியே வராமல் உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். கார்களுக்காகச் செய்த இருக்கைகளில்தான் தூங்கினார்கள். ஜனவரிக் குளிரில் ஒரு கட்டடத்தின் வெப்பமூட்டும் வசதி நிறுத்தப்பட்டு, போலீஸார் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசியபோது, உள்ளே இருந்தவர்கள் தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சியும் கதவுக் கீல்களை எறிந்தும் அவர்களைப் பின்வாங்கச் செய்தார்கள். பெண்கள் தனிப் படையாக வாசலில் நின்றார்கள். ஆளுநர் ஃபிராங்க் மர்ஃபி தேசியக் காவல் படையை வரவழைத்தாலும், தொழிலாளர்களை வெளியேற்ற அதைப் பயன்படுத்த மறுத்தார். 44 நாட்களுக்குப் பிறகு, 1937 பிப்ரவரி 11 அன்று, வாகனத் தொழிலாளர் சங்கத்தை ஜெனரல் மோட்டார்ஸ் அங்கீகரித்தது. அமெரிக்காவின் சாதாரணத் தொழிலாளி தான் செய்த காரைத் தானே வாங்கும் நிலைக்கு வந்ததில் இந்த உள்ளிருப்புப் போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்லோனின் படிக்கட்டில் ஏறுவதற்கு ஆட்கள் வேண்டாமா?

போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகள்தான் அந்தப் படிக்கட்டின் பொற்காலம். ஓல்ட்ஸ்மொபைல் 1940 மாடலிலேயே முழுத் தானியங்கி கியர்பெட்டியை முதன்முதலில் பெருமளவில் விற்றது. 1949-இல் ராக்கெட் என்ற வி-8 எஞ்சினைக் கொண்டுவந்தது. 1948 காடிலாக்கின் பின்புறத்தில் முளைத்த வால்துடுப்புகள், பி-38 போர் விமானத்தைப் பார்த்து வரைந்தவை. 1953-இல் செவர்லே கார்வெட் ஃப்ளின்ட் நகரில் பிறந்தது; முதல் ஆண்டில் 300 கார்கள், அத்தனையும் வெள்ளை, உள்ளே சிவப்பு, உடல் கண்ணாடி இழை. 1964-இல் போன்டியாக் ஜி.டி.ஓ. இளைஞர்களைக் கிறங்க வைத்தது. ஒவ்வொரு பெயருக்கும் சொந்தப் பொறியாளர்கள், சொந்த எஞ்சின், சொந்தப் பெருமை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற இரண்டு கார்களில் ஒன்று இந்தக் குடும்பத்தினுடையது.

பிறகு என்ன நடந்தது என்பதற்கு ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் போதும். 1977-இல் அமெரிக்காவில் சிலர் தங்கள் புதிய ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்குப் பராமரிப்பு வேலை செய்யும்போது, ஓல்ட்ஸ்மொபைலுக்கு என்று வாங்கி வந்த உதிரிபாகம் பொருந்தவில்லை. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது ராக்கெட் எஞ்சின் அல்ல, செவர்லே எஞ்சின். அது மோசமான எஞ்சின் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வாங்கியவர் ராக்கெட் எஞ்சினுக்காகவே கூடுதல் பணம் கொடுத்திருந்தார். வழக்குகள் குவிந்தன. நிறுவனம் இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் வந்த விளம்பரங்களில் 'எங்கள் எஞ்சின்கள் ஜெனரல் மோட்டார்ஸின் பல பிரிவுகளில் செய்யப்படுபவை' என்று ஒரு வரி சேர்க்கப்பட்டது. 1908-இல் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியதால் காடிலாக் புகழ் பெற்றது. 1977-இல் ஒரு பாகம் பொருந்தாமல் போனதால் ஓல்ட்ஸ்மொபைலின் மானம் போனது.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1973-இன் பெட்ரோல் நெருக்கடிக்குப் பிறகு, புகைக் கட்டுப்பாடு, எரிபொருள் சிக்கனம் ஆகியவற்றுக்கான புதிய விதிகளுக்கு ஏற்ப ஒவ்வொரு பிரிவும் தனித்தனி எஞ்சினை மாற்றி அமைப்பது பெரும் செலவு. ஒரே எஞ்சினைப் பகிர்ந்துகொண்டால் மிச்சம். கணக்குப் புத்தகத்தில் அது சரிதான். ஆனால் அதே கணக்கைப் பிடித்துக்கொண்டே போய், 1982 மாடலாக, சாதாரணச் செவர்லே காவலியர் காரின் அடித்தளத்தில் தோல் இருக்கையும் சின்னமும் வைத்து, காடிலாக் சிமரான் என்று விற்றார்கள். விலை ஏறக்குறைய இரு மடங்கு. கீழ்ப்படியில் நிற்கும் காரைத் தூக்கி மேல்படியில் வைத்துவிட்டு, மேல்படிக்கு உரிய பணத்தைக் கேட்டால் வாங்குபவர் ஒரு முறைதான் ஏமாறுவார். அடுத்த முறை ஜெர்மன் காரையோ ஜப்பான் காரையோ தேடிப் போவார், போனார்கள். லான்சிங்கில் ரம்பத்தால் அறுபட்ட அந்த ப்யூக்கைப் பற்றி முன்னால் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இதைத் திருத்த உண்மையான முயற்சிகளும் நடந்தன. 1984-இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில், மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையை டொயோட்டாவோடு கூட்டாகத் திறந்தார்கள். மோசமான ஆலை என்று பெயர் எடுத்த இடத்தில், பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்களை வைத்தே, டொயோட்டாவின் முறையில் தரமான கார்கள் வெளிவந்தன. குறை தொழிலாளியிடம் இருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இன்று டெஸ்லாவின் தொழிற்சாலை இருப்பது அந்த இடத்தில்தான். சாட்டர்ன் என்ற புதிய பெயரை டென்னஸியின் ஸ்பிரிங் ஹில் நகரில் தொடங்கினார்கள். 1990-இல் முதல் கார்கள் வந்தன. பேரம் கிடையாது, எல்லோருக்கும் ஒரே விலை. 1994-இல் நிறுவனம் அழைத்தபோது 40,000-க்கும் மேற்பட்ட உரிமையாளர்களும் குடும்பத்தாரும் தங்கள் கார் பிறந்த தொழிற்சாலையைப் பார்க்க வந்தார்கள். ஒரு சாதாரணக் குடும்பக் காருக்காக மக்கள் இப்படித் திரண்டதை நான் வேறெங்கும் படித்ததில்லை. அந்த அன்பைக் காப்பாற்றப் புதிய மாடல்கள் வேண்டும். அதற்கான பணம் சரியான காலத்தில் வரவில்லை. கடைசியில் சாட்டர்ன் பெயரிலும் ஓப்பல் கார்கள் சின்னம் மாற்றி விற்கப்பட்டன.

இந்த இடத்தில் உங்கள் கேள்வியில் ஒரு சிறு திருத்தம். பெட்டியின் பெயரையே தாங்கிய ஒரு பயணிகள் கார் உண்மையில் இருந்தது: இ.வி.-1 என்ற மின்சாரக் கார். 1996 முதல் 1999 வரை 1,117 கார்கள் செய்தார்கள். செவர்லே என்றோ காடிலாக் என்றோ சொல்லாமல் ஜி.எம். என்ற பெயரிலேயே வந்தது. ஆனால் அதை யாருக்கும் விற்கவில்லை; குத்தகைக்கு மட்டும் கொடுத்தார்கள், அதுவும் சாட்டர்ன் ஷோரூம்கள் வழியாக. காலம் முடிந்ததும் திரும்பப் பெற்று, பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டார்கள். ஓட்டியவர்கள் தங்களுக்கே விற்றுவிடும்படி கெஞ்சியும் பலன் இல்லை. நீங்கள் அந்தப் பெயரில் ஒரு காரைப் பார்க்காததற்கு இதுவும் ஒரு காரணம். எஞ்சியவை சில அருங்காட்சியகங்களிலும் கல்லூரிகளிலும் இருக்கின்றன.

பெயர்கள் விழுந்த வரிசையைச் சொல்கிறேன். ஓல்ட்ஸ்மொபைலின் கடைசிக் கார் 2004 ஏப்ரல் 29 அன்று, பிறந்த ஊரான லான்சிங்கிலேயே வெளிவந்தது. 77 ஆண்டுகள் உலகின் முதலிடத்தில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸை 2008-இல் டொயோட்டா முந்தியது. 2009 ஜூன் 1 அன்று நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. அமெரிக்க அரசு ஏறத்தாழ 5,000 கோடி டாலர் போட்டுப் பெரும்பங்கை எடுத்துக்கொள்ள, ஜூலை 10 அன்று புதிய நிறுவனமாக வெளியே வந்தது. 2013 டிசம்பரில் அரசு தன் கடைசிப் பங்கை விற்றபோது, போட்டதில் 1,000 கோடி டாலருக்கும் மேல் நஷ்டமாகியிருந்தது. அந்தச் சீரமைப்பில் போன்டியாக், சாட்டர்ன், ஹம்மர் ஆகியவை மூடப்பட்டன. ஸ்வீடனின் சாப் விற்கப்பட்டது. ஹம்மர் என்ற பெயர் இப்போது ஜி.எம்.சி.யின் மின்சார வண்டியாகத் திரும்பி வந்திருக்கிறது. போன்டியாக்கை மூடிவிட்டு ப்யூக்கை ஏன் வைத்துக்கொண்டார்கள் என்று பல அமெரிக்கர்களே கேட்டார்கள். பதில் சீனாவில் இருக்கிறது. ஷாங்காய் நகரின் எஸ்.ஏ.ஐ.சி. நிறுவனத்தோடு 1997-இல் தொடங்கிய கூட்டு முயற்சியால், 2009-இல் அமெரிக்காவில் விற்றதைப் போலப் பல மடங்கு ப்யூக் சீனாவில் விற்றது. அமெரிக்காவில் தாத்தாக்களின் கார் என்று எண்ணப்பட்ட பெயர், சீனாவில் மதிப்பின் அடையாளமாக இருந்தது.

இனி உங்கள் டவேரா. இந்த நிறுவனம் நம் நாட்டுக்குப் புதியது அல்ல. 1928-இல் பம்பாயில் பாகங்களைக் கொண்டுவந்து வண்டிகளைப் பூட்டத் தொடங்கி, 1950-களில் வெளியேறிய பிறகும், அதன் வண்டிகள் வேறு பெயர்களில் நம் சாலைகளில் ஓடின. பெட்ஃபோர்டு லாரி வாக்ஸ்ஹாலின் தயாரிப்பு. 1980-களில் பெரிய மனிதர்கள் வந்து இறங்கிய கான்டெஸா, இங்கிலாந்தில் நின்றுபோன வாக்ஸ்ஹால் விக்டர். 1990-களில் குஜராத்தின் ஹாலோலில் ஓப்பல் அஸ்ட்ராவோடு திரும்பி வந்தார்கள். 2003-இல் செவர்லே பெயரைக் கொண்டுவந்தார்கள். ஆனால் ஸ்பார்க் என்பது கொரியாவின் டேவூ மட்டீஸ் வழி வந்த கார். ஆப்ட்ரா, டேவூ லசெட்டி. பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறும் உங்கள் டவேரா, இந்தோனேசியாவில் இசூசு பாந்தர் என்று ஓடிய வண்டி. டவேரா நல்ல உழைப்பாளி என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் முகப்பில் இருக்கும் லூயி செவர்லேயின் பெயருக்கும் அதன் எஞ்சினுக்கும் இடையே உறவு எதுவும் இல்லை.

2017-இன் இறுதியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தினார்கள். ஏற்றுமதிக்காக ஓடிக்கொண்டிருந்த மகாராஷ்டிரத்தின் தலேகாவ் ஆலையிலும் 2020 டிசம்பரில் தயாரிப்பு நின்றது; பின்னர் அந்த ஆலை ஹூண்டாய் கைக்குப் போனது. ஓப்பலும் வாக்ஸ்ஹாலும் முதலில் பிரான்ஸின் பெஜோ குழுமத்துக்குப் போய், இப்போது ஸ்டெல்லான்டிஸ் என்ற வேறு குழுமத்தில் இருக்கின்றன. எனவே இனி ஓப்பலை இந்தக் குடும்பத்தில் சேர்க்க வேண்டாம். ஹாலோல் ஆலையை வாங்கியது எஸ்.ஏ.ஐ.சி., அதாவது ஜெனரல் மோட்டார்ஸின் அதே சீனக் கூட்டாளி. அங்கிருந்து 2019-இல் எம்.ஜி. ஹெக்டர் வெளிவந்தது. அந்த ஹெக்டர், சீனாவில் ஜெனரல் மோட்டார்ஸும் எஸ்.ஏ.ஐ.சி.யும் வூலிங்கும் சேர்ந்து நடத்தும் நிறுவனத்தில் பாவ்ஜுன் 530 என்று பிறந்த வண்டி. தாய்லாந்தில் அதே வண்டியை வாங்கியவரின் வாசலில், அது செவர்லே காப்டிவா என்ற பெயரோடு நிற்கிறது.